எங்கள் நகரில் 34 தெருநாய்கள்: குடியிருப்போர் சங்கம் என்ன செய்வது முறை?

கேள்வி: சங்கச் செயலாளர், தாம்பரம் அருகிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 200 வீடுகள் உள்ள ஒரு நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருக்கிறேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு, காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பிய ஏழு வயதுச் சிறுமியை இரண்டாவது குறுக்குத் தெருவில் ஒரு பெண் நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பாதியில் நின்றுபோன ஒரு வீட்டின் மணல் குவியலுக்குப் பின்னால் அது முந்தைய வாரம்தான் குட்டி போட்டிருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டார் பதற்றத்தில் காயத்தின் மேல் மஞ்சளை அப்பி, ஒரு மணி நேரம் கழித்தே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று தவணை ஊசி போட்டாயிற்று. அந்த நாய் இன்றும் உயிரோடு இருக்கிறது, வைத்ததைச் சாப்பிடுகிறது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிய அவசரக் கூட்டத்தில் பேச்சு தடித்துவிட்டது. ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு ஒரு வண்டி அமர்த்தி, இரவோடு இரவாக எல்லா நாய்களையும் செங்கல்பட்டைத் தாண்டி ஏதாவது ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். சோற்றில் எதையாவது கலந்து வைத்தால் ஒரே நாளில் வேலை முடியும் என்று ஒருவர் சொன்னபோது கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை என்பதுதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. கடைசி மனையில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஆண்டுக்கணக்காகத் தினமும் இரவு ஏழரை மணிக்கு மின்மாற்றியின் அருகே பதினோரு நாய்களுக்குச் சோறு வைக்கிறார். "உங்களால்தான் இந்தப் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று" என்று அவரைப் பார்த்துச் சிலர் கத்தினார்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் இரண்டு கல்லூரி மாணவர்களை உடன் அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து எண்ணினேன். குட்டிகளை விட்டுவிட்டால் 34 நாய்கள். அவற்றில் கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டவை ஐந்தே ஐந்து. கடிபட்ட குழந்தையின் தந்தையை நேருக்கு நேர் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதே அளவுக்கு அந்த ஆசிரியையைப் பார்க்கவும் கூச்சமாக இருக்கிறது. இதை மனிதத் தன்மையோடும், உண்மையிலேயே பலன் தரும் வகையிலும் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கோவைப் பக்கத்து வாசகர்

ஐயா, முதலில் அந்த வண்டி யோசனையைக் கைவிடச் செய்யுங்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்கட்டும், பலனும் தராது. ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழும் என்பதை அந்தத் தெருவின் குப்பைத்தொட்டியும் கறிக்கடைக் கழிவும் மறைவிடங்களுமே முடிவு செய்கின்றன. இருக்கும் நாய்களை அகற்றினால், அதுவரை அவற்றின் எல்லைக்குள் நுழையத் துணியாத பக்கத்துத் தெரு நாய்கள் ஓரிரு மாதங்களில் வந்து சேரும். அவை உங்கள் குழந்தைகளின் முகம் அறியாதவை, தடுப்பூசி போடாதவை, இடத்துக்காகத் தங்களுக்குள் சண்டையிடுபவை. நீங்கள் ஏரிக்கரையில் இறக்கிவிட்டவையோ அங்குள்ள கூட்டத்திடம் கடிபட்டுச் சாகும், அல்லது பசியோடு வேறோர் ஊருக்குள் நுழைந்து வேறொருவர் பிள்ளையைக் கடிக்கும்.

சென்னை இதை மிக நீண்ட காலம் செய்து பார்த்த ஊர். 1996 வரை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது. எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையாததைச் சுட்டிக்காட்டி, 1960களிலிருந்தே கருத்தடைதான் வழி என்று வலியுறுத்தி வந்தவர்கள் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பினர். அதை 1959இல் தொடங்கியவர் கேப்டன் சுந்தரம். அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா இந்தக் கருத்தடை முறைக்காக விடாமல் போராடியவர். 2001இல் நாட்டுக்கே பொதுவாக வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும் அந்த வழியைத்தான் சட்டமாக்கின: பிடிப்பது, கருத்தடை செய்வது, வெறிநோய்த் தடுப்பூசி போடுவது, பிடித்த அதே இடத்தில் விடுவது.

இனி எங்கள் கதை. எங்கள் பகுதியில் 26 நாய்கள் இருந்தன. நாய் வண்டி வரும், வலையை வீசும், கையில் சிக்கிய நான்கைந்தைக் கொண்டுபோகும். சிக்குபவை எப்போதும் மனிதரை நம்பி அருகில் வரும் சாதுவான நாய்களும் ஆண் நாய்களுமே. கூச்ச சுபாவமுள்ள பெண் நாய்கள் வண்டியின் சத்தம் கேட்டதும் ஓடி ஒளிந்துவிடும்; அவைதான் அடுத்த ஆண்டுக்கான குட்டிகளைப் போடும். முதல் ஆண்டு முழுவதும் நாங்கள் இந்தத் தவற்றைச் செய்து, "கருத்தடையால் ஒரு பயனும் இல்லை" என்று சலித்துக்கொண்டோம்.

அப்போது எங்களுக்கு வழி காட்டியவர் எங்கள் தெருவில் சோறு வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான். அவருக்கு ஒவ்வொரு நாயையும் தெரியும்: எது பெண், எது சினையாக இருக்கிறது, எது யாருடைய குட்டி, எது பகலில் எந்தக் காரின் அடியில் படுக்கும் என்பது வரை. பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு அவர் சோறு வைக்கவில்லை, ஏனென்றால் மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வழக்கமான தட்டைத் தரையில் ஒருமுறை தட்டினார். ஓராண்டாக எந்த வலைக்கும் அகப்படாத செவலைப் பெண் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் மடியில் மூக்கை வைத்தது. அவரே அதைத் தூக்கிக் கூண்டுக்குள் வைத்தார். கூண்டின் கதவு மூடியதும் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐந்தாம் நாள் அதை அதே இடத்தில் விட்டபோது, நேராக அவர் வீட்டு வாசலுக்கு ஓடியது. அந்தப் பருவத்திலேயே 15 பெண் நாய்களில் 13க்குக் கருத்தடை முடித்தோம். அடுத்த ஆண்டு தை மாதம் எங்கள் தெருக்களில் குட்டிகளின் முனகல் கேட்கவில்லை.

ஆகவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: கூட்டத்தில் நீங்கள் அவமதித்து அனுப்பிய அந்த ஆசிரியைதான் உங்கள் நகரின் மிகச் சிறந்த நாய் பிடிப்பவர். கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் வைப்பது குறைப்பட்ட கருணை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஊட்டம் கிடைத்த தாய்க்குக் கூடுதல் குட்டிகள் பிழைக்கும். ஆனால் சோறு வைக்கும் கை இல்லாமல் கருத்தடை நடக்கவே நடக்காது. நாளைக்கே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

பதில் 2: கால்நடை மருத்துவர்

செயலாளர் அவர்களுக்கு, முதலில் குழந்தையைப் பற்றி. கடித்த நாய் பத்து நாட்களைக் கடந்து நலமாக இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். வெறிநோய்க் கிருமி, நாயிடம் அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே எச்சிலில் வெளிப்படத் தொடங்குகிறது; அறிகுறி தோன்றிய நாய் சில நாட்களில் இறந்துவிடும். கடித்த வேளையில் அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் பத்து நாட்களுக்குள் அது நோயுற்று இறந்திருக்கும். ஆயினும் தோலில் போடும் ஊசி கடித்த நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தவணை. நான்காவது தவணையைப் பற்றிப் பெற்றோர் தாங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் கேட்டு நடந்துகொள்ள வேண்டும். நாய் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று ஒருபோதும் காத்திருக்கக் கூடாது.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்கக் கூடாது என்பதை உங்கள் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். செய்ய வேண்டியது, குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நடுவில் குழந்தை அழுதாலும் நிறுத்தாதீர்கள். ரத்தம் வரும்படி பல் பதிந்த காயமாக இருந்தால், ஊசியோடு காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை என்பதை நீங்களே மருத்துவமனையில் நினைவூட்டிக் கேட்கலாம்.

பலரும் அறியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெறிநாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிக்கும் என்றே நினைக்கிறோம். சாதுவாக ஒரு மூலையில் ஒடுங்கி, தாடை தொங்கி, எச்சில் ஒழுக, தண்ணீரை விழுங்க முடியாமல் கிடக்கும் வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விட்ட நல்ல மனிதர்களை நான் என் பணிக்காலத்தில் மூன்று முறை ஊசிக்கு அனுப்பியிருக்கிறேன். நாய்களோடு தினமும் பழகும் அந்த ஆசிரியைக்கும், உங்களோடு எண்ண வந்த மாணவர்களுக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

ஒரு பகுதி நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கணக்கு. உங்கள் 34இல் அது 24 நாய்கள். கருத்தடைக்கு முறை வரும் வரை காத்திருக்காமல், தடுப்பூசியை மட்டும் இந்த மாதமே தெருவிலேயே போட்டுவிட முடியும். கருத்தடையில் பெண் நாய்களை முந்தவையுங்கள். நம் பக்கத்தில் மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்ந்து, சுமார் 63 நாட்களில் குட்டி போடுகின்றன. ஆடி, ஆவணிக்குள் முடிப்பதற்கும் கார்த்திகையில் தொடங்குவதற்கும் ஓர் ஆண்டு வித்தியாசம் இருக்கிறது.

பதில் 3: மதுரையிலிருந்து ஒரு தாய்

இங்கே எழுதியவர்கள் அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் என் மகன் ஆறு வயதில் கடிபட்டவன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறான். இன்றுவரை தெருமுனையில் நாய் படுத்திருந்தால் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறான். எங்களுக்கு அன்று கிடைத்த பதில்கள் எல்லாம் "குழந்தைதான் சீண்டியிருக்கும்" என்பதாகவே இருந்தன. கடித்த நாயின் தரப்பைப் பேச ஊரில் நாலு பேர் இருந்தார்கள், கடிபட்ட பிள்ளையோடு மருத்துவமனைக்கு வர ஒருவரும் இல்லை. நாய்களின் மீது கருணை உள்ளவர்கள் முதலில் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போங்கள். நான்காவது ஊசிக்கு அவளோடு யாராவது துணைக்குச் செல்லுங்கள். அப்படி ஒருவர் எங்களுக்கு வந்திருந்தால், இந்தக் கருத்தடைத் திட்டத்துக்கு நானே முதல் ஆளாகப் பணம் கொடுத்திருப்பேன்.

பதில் 4: யாழ்ப்பாணத்து வாசகர்

வணக்கம். எங்கள் நாட்டிலும் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2006ஆம் ஆண்டு அரசு அதை நிறுத்தும் கொள்கைக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் விசர்நாய்க்கடியால் ஆண்டொன்றுக்கு 300க்கும் மேற்பட்டோர் இறந்த தீவில், இன்று அந்த எண்ணிக்கை சில பத்துகளாகச் சுருங்கியிருப்பதற்குக் காரணம், நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி ஏற்றியதும் கடிபட்டவர்களுக்குச் சிகிச்சை எளிதில் கிடைத்ததும்தான். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997இல் நோய் புகுந்தபோது பெருந்தொகையான நாய்களைக் கொன்றார்கள், நோய் ஒழியவில்லை. பூட்டானோ தன் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து முடித்ததாக 2023இல் அறிவித்தது. சிறிய நாடு என்பது உண்மைதான், ஆனால் உங்கள் 200 வீடுகள் அதைவிடச் சிறியவை அல்லவா?

கேள்வி கேட்டவர் மீண்டும்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மதுரைச் சகோதரி எழுதியதைப் படித்த அன்று மாலையே சிறுமியின் வீட்டுக்குப் போனேன். தந்தை முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காவது ஊசிக்கு நான் கூட வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னார். அங்கிருந்து ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். நான் மன்னிப்புக் கேட்டதை அவர் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு நீண்ட கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம், பெயர், நிறம், குட்டி போட்ட தேதி, இறந்துபோன குட்டிகளின் எண்ணிக்கை. கறுப்பி என்ற நாயின் பக்கத்தில் மட்டும் நான்கு ஆண்டுகளில் 31 குட்டிகள் பிறந்ததாகவும், 26 இறந்ததாகவும் எழுதியிருந்தது. கடித்தது அந்தக் கறுப்பிதான்.

இப்போது ஒரு சிக்கல். உச்ச நீதிமன்றமே நாய்களை அகற்றச் சொல்லிவிட்டது, பிறகு எதற்கு இந்தச் செலவு என்று சங்கத்தில் சிலர் கேட்கிறார்கள். தெருவில் சோறு வைப்பதே குற்றம் என்றும் சொல்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில் 5: கோவைப் பக்கத்து வாசகர்

அவர்கள் சொல்வது 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி தில்லிப் பகுதிக்கு இரண்டு நீதிபதிகள் அமர்வு பிறப்பித்த ஆணை. அதே மாதம் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியமைத்து, கருத்தடையும் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் கண்டவற்றையும், அப்படிச் சந்தேகிக்கப்படுபவற்றையும், மூர்க்கமாகத் தாக்குபவற்றையும் மட்டும் விடக் கூடாது. நவம்பர் 7ஆம் தேதி ஆணை பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களைப் பற்றியது. அங்கே பிடித்த நாயை மீண்டும் அங்கேயே விடக் கூடாது. உங்கள் நகருக்குள் பள்ளிக்கூடம் இருந்தால் அதன் சுற்றுச்சுவரை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சோறு வைப்பது குற்றம் அல்ல, கண்ட இடத்தில் வைப்பதுதான் தவறு. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து விலகிய ஓர் இடத்தையும், குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத ஒரு நேரத்தையும் ஒதுக்கிக் கொடுப்பது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று 2023 விதிகளே சொல்கின்றன. மின்மாற்றியின் அருகே இரவு ஏழரை மணி என்பது டியூஷன் முடிந்து பிள்ளைகள் திரும்பும் நேரமாக இருந்தால், அதை ஒன்பதுக்கு மாற்றுங்கள். மீந்த சோற்றை அரை மணி நேரத்தில் கூட்டி அள்ளிவிட வேண்டும். தேய்பிறை அஷ்டமிக்கு மட்டும் பைரவரை நினைத்து நடுத்தெருவில் தயிர்சாதம் கொட்டிவிட்டுப் போகிறவர்களிடமும் அந்த இடத்தைக் காட்டிக் கொடுங்கள்.

சோற்றில் நஞ்சு கலக்கலாம் என்றவரிடம் தனியாகப் பேசுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஒரு விலங்கை நஞ்சிட்டுக் கொல்வது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நஞ்சுண்ட நாய் எப்படிச் சாகிறது என்பதை நான் ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு

இதுவரை நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். மருத்துவர் சொன்னபடி தடுப்பூசியை முதலில் எடுத்துக்கொண்டோம். உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தோடு ஆசிரியையின் நோட்டிலிருந்து 34 நாய்களின் புகைப்படத்தையும் படுக்குமிடத்தையும் பட்டியலாக இணைத்தோம். வெறும் புகாராகச் சென்ற முந்தைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை, இதற்கு நான்காம் நாள் தொலைபேசி வந்தது. ஒரே காலையில் 27 நாய்களுக்கு ஊசி போட்டு, நெற்றியில் நீல மையைத் தடவினார்கள். எங்கள் நகரின் பிள்ளைகள் அன்று முழுவதும் நீலப் பொட்டு வைத்த நாய்களை எண்ணிக்கொண்டே திரிந்தார்கள்.

சென்ற வாரம் ஏழு பெண் நாய்கள் கருத்தடை மையத்துக்குப் போய்த் திரும்பிவிட்டன. சிறுமிக்கு நான்காவது ஊசியும் முடிந்தது. மருத்துவமனையில் காத்திருந்தபோது கறுப்பியின் குட்டிகள் கண் திறந்துவிட்டனவா என்று அவள் என்னிடம் கேட்டாள். மணல் குவியலைச் சுற்றிக் கயிறு கட்டி, தாய்நாய் இருக்கிறது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். இந்த வேலையைச் சிறுமியின் தந்தைதான் செய்தார்.

மருத்துவரிடம் ஒரு கேள்வி. சனிக்கிழமை வண்டி மீண்டும் வருகிறது. கறுப்பியை இப்போதே அனுப்பிவிட வேண்டும் என்று சங்கத்தில் பலர் வற்புறுத்துகிறார்கள். அனுப்பலாமா?

பதில் 6: கால்நடை மருத்துவர்

இப்போது வேண்டாம். குட்டிகளுக்கு ஐந்து வாரம்தான் ஆகிறது. தாயை நான்கைந்து நாள் பிரித்தால் பாலின்றி அவற்றில் சில இறந்துவிடும். பால் சுரந்து தடித்திருக்கும் மடியில் அறுவைச் சிகிச்சை செய்வதும் அதற்கு நல்லதல்ல. குட்டிகள் இரண்டு மாதத்தைத் தாண்டித் தாமாகச் சாப்பிடத் தொடங்கட்டும். அதற்குள் அது மீண்டும் சினையாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம், அடுத்த பருவத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் குட்டிகளுக்கு வீடு தேடுங்கள், குறிப்பாகப் பெண் குட்டிகளுக்கு; ஆண் குட்டியைக் கேட்டு வருபவர்களே அதிகம் இருப்பார்கள். மூன்று மாதம் ஆனதும் அவற்றுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

கறுப்பியைச் சனிக்கிழமை வண்டியின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பும்வரை ஆசிரியையை மணல் குவியலின் அருகே ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் போதும்.